இருவருக்கு ஒரு கேபின்

கடல் பார்ப்பதற்கு ஆக்லாந்துக்காரர் பயணம் போகத் தேவையில்லை. எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் உப்புத் தண்ணீர் குறுக்கே வந்துவிடும். அப்படியிருக்க, ஒரு சனி ஞாயிறுக்கு வடக்கே நெடுந்தூரம் கார் ஓடி, மாங்கவாய்ப் பக்கத்துக் கடற்கரை ஒன்றுக்குத்தான் போக வேண்டும் என்று நான் ஏன் ஒற்றைக்காலில் நின்றேன் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். இங்கே கிட்ட இருக்கும் கடல்களில் அலை இல்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் காரணமும் அதுவல்ல.

என் கணவரோடு நான் ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த வருடக் குளிர்காலத்தில் எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் ஆறாம் மாதத்தில் தவறிப்போனது. ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்தேன். மாமி பத்தியக் கறி காய்ச்சித் தந்தார். மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, குழந்தைக்கென்று தானே பின்னி வைத்திருந்த சின்னச் சட்டைகளை என் கண்ணில் படாமல் எங்கோ எடுத்து வைத்தார். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. "இனி அதை நினைக்கப்படாது, பிள்ளை" என்று மாமி ஒருநாள் என் தலையைத் தடவிச் சொன்னார். அதோடு அந்தக் கதை மூடப்பட்டது. என் கணவரும் வாயை மூடிக்கொண்டார்.

என்னால் மூட முடியவில்லை. ஒரே ஒரு தரம் அவரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும், சத்தமாக அழ வேண்டும், அவர் அழுவதையும் பார்க்க வேண்டும் என்றிருந்தது. இதற்கு ஒரு அறையும் ஒரு கதவும் போதும். அந்த இரண்டும்தான் எங்களிடம் இல்லை.

ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டி வாடகைக்கு எடுத்திருந்த பழைய மரவீடு அது. நாங்கள் இருவர் மட்டும் என்று எடுத்த வீடு. நாங்கள் விட்டு வந்த நாட்டில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்த பிறகு மச்சாளும் அவருடைய புருஷனும் இரண்டு பிள்ளைகளும் மாமியும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். அங்கே கலவரக்காரர் அவர்களுடைய வீட்டையும் கடையையும் எரித்துவிட்டார்கள். எங்களிடம் வராமல் வேறு எங்கே போவார்கள். மச்சாளின் புருஷனை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் எங்கள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் திரும்பிப் படுத்தால் எங்கள் கட்டில் ஆடும். நாங்கள் இந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினால் மச்சாள் காலையில் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வருவார். கணவர் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு விடியமுன் போய்விடுவார். நான் நகர மையத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை முடித்து ரயில் பிடித்து வரும்போது அவரைச் சுற்றி மச்சாளின் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு மாலை இரண்டு பேரும் தெருவைச் சுற்றி நடந்துவிட்டு வருவோம் என்று வாசலுக்கு வந்தால், பிள்ளைகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் கேற்றடியில் நின்றார்கள்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள்தான் சொன்னாள், கடற்கரையோரம் கூடாரம் போடும் மைதானங்களில் சின்னச் சின்னக் கேபின்கள் வாடகைக்குக் கிடைக்கும் என்று. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதவு. பள்ளி விடுமுறைக்கு முதல் என்றால் ஆளரவமே இருக்காதாம். எனக்குக் கட்டிலும் மேசையும் காதில் விழவில்லை, கதவு மட்டும் விழுந்தது. அன்றைக்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டு, நவம்பரில் ஒரு சனிக்கிழமைக்கு இருவருக்கு ஒரு கேபின் பிடித்துவிட்டேன். தொலைபேசியில் பேசிய பெண்மணி, கலியாண நாளா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். ஓம் என்று சொல்லிவைத்தேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் "பாப்பம்" என்றார். பிறகு, "சரி, போவம்" என்றார். அந்த 'பாப்பம்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது கிளம்பும்போது முன்னால் நிற்பவரைப் பார்த்து "நீங்களும் வாங்கோவன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை கெட்டவர் ஆகிவிடுவோம். அவர் உடனே "இல்லை இல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு விவரம் போதாது. இன்னொரு தரம் கேட்பதும் உண்டு. அது பாசத்தில் சேரும். அதற்கும் மறுத்துவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மூன்றாம் தரம் கேட்டால்தான் மெய்யான அழைப்பு. அதற்குப் பிறகு மறுத்தால் மனஸ்தாபம் வரும். இதை யாரும் யாருக்கும் உட்கார்த்திச் சொல்லித் தருவதில்லை. சாப்பிடக் கூப்பிடுவதிலிருந்து கலியாண வீட்டில் தங்கச் சொல்வது வரை எல்லாம் இதே கணக்குத்தான்.

அன்றிரவுச் சாப்பாட்டில் கணவர் விஷயத்தை எடுத்தார். நான் பருப்புப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"நானும் இவவும் கடற்கரைப் பக்கம் ஒருக்காப் போட்டு வரப் போறம். அம்மா, நீங்களும் வாங்கோவன்."

"எனக்கு என்னத்துக்கு மோனை கடலும் குளிரும். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார் மாமி. சரியான பதில். எனக்கு மூச்சு வந்தது.

"இல்லையம்மா, கடல் காத்து உங்கடை முழங்காலுக்கும் நல்லது. வாங்கோ."

"முழங்காலுக்கு எண்ணெய் இருக்கு. நீ சாப்பிடு."

இதுவும் சரியான பதில். இத்தோடு முடிந்தது என்று நான் அடுத்த கோப்பைக்கு நகர்ந்தேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அம்மா, நீங்கள் வராட்டில் எங்களுக்குப் போக மனமே வராது."

அகப்பை என் கையில் அப்படியே நின்றது. மாமி மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ இவ்வளவு கேட்கேக்கை எப்பிடியடா மாட்டன் எண்டுறது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அணை உடைந்த கதைதான். மாமி வந்தால் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க மச்சாள் வர வேண்டும். மச்சாள் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது. பிள்ளைகளும் மச்சாளும் போன பிறகு அண்ணை மட்டும் இந்த வீட்டில் பச்சைத் தண்ணி குடித்துக்கொண்டு கிடப்பதா. கோப்பைகள் கழுவி முடிவதற்குள் எல்லாரும் வருவதாக முடிவாகியிருந்தது. பிள்ளைகள் நீச்சல் உடுப்புப் பற்றி ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் அந்தப் பெண்மணிக்கு மறுபடி தொலைபேசி எடுத்தேன். பெரிய கேபின் வேண்டும், கட்டில்கள் கூட வேண்டும் என்றேன். கலியாண நாளுக்கா என்று கேட்டாள். குடும்பம் பெரிது என்றேன். என் குரலில் என்ன கேட்டதோ, அதற்கு மேல் அவள் சிரிக்கவில்லை.

பிறகு சமையல் பிரச்சினை வந்தது. மாமிக்குச் சனிக்கிழமை விரதம். அந்த மைதானத்தில் பொதுச் சமையலறை இருக்கிறது, பாத்திரமும் இருக்கிறது என்று சொன்னதுதான் நான் விட்ட பிழை. கண்டவர்கள் கண்டதையும் பொரித்த சட்டியில் தனக்குச் சமைக்க முடியாது என்றார் மாமி. ஆகவே எங்கள் சட்டிகள், எங்கள் சோத்துக் குக்கர், எங்கள் இடியப்பத் தட்டுகள், எங்கள் கேத்தில், தேயிலை, சீனி, பால்மா, கறித்தூள் எல்லாம் வர வேண்டும். ஒரு கதவைத் தேடிப் போக நினைத்தவளுக்குக் குசினி முழுவதும் பின்னால் வருகிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்தது ராகுகாலம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். அந்த நேரத்தில் படலை தாண்டக் கூடாது. அது சரி, ஊரிலும் அப்படித்தான். ஆனால் இந்த நாட்டில் கோடைக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அண்ணை ஒரு மாலை முழுவதும் இதை ஆராய்ந்தார்.

"மணிக்கூட்டை வெள்ளைக்காரன் திருப்பலாம், ராகுவைத் திருப்பேலாது" என்றார். "அப்ப மெய்யான ஒன்பது இப்பத்தைய பத்து. பத்திலையிருந்து பதினொன்றரைதான் ராகுகாலம்."

"ராகு மணிக்கூட்டைப் பாக்கிறேல்லை, சூரியனைப் பாக்கிறது" என்றார் மச்சாள்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"நீங்கள் அதையோ சொன்னனீங்கள்?"

கடைசியில் மாமி தீர்ப்புச் சொன்னார். இரண்டு கணக்கில் எது சரியென்று தெரியாதபடியால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். ஒன்பது மணிக்கு முதலே வீட்டை விட்டு வெளிக்கிட்டால் ஒரு பொல்லாப்பும் இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு சந்தைக்குப் போகவே பத்து மணியாகும்.

இவ்வளவோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் சில குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி சாமி படம் வைத்துத் தேவாரம் பாடுவோம். அங்கே ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதி வருவார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள், கலகலப்பான ஆட்கள். பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, அடுத்த சனிக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று அந்த மனிதர் கேட்டார். கடற்கரைக்குப் போகிறோம் என்றார் என் கணவர். சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், "நீங்களும் வாங்கோவன்" என்றார்.

ஒரே ஒரு தரம். மரியாதைக்கு மட்டும்.

"ஆமா, கண்டிப்பா வர்றோம் லா" என்றார் அந்த மனிதர். "நீங்க கூப்பிட்டு நாங்க வராம இருப்போமா? எங்ககிட்ட பெரிய சில்லி பின் இருக்கு, அதான் ஐஸ் பெட்டி. ஐஸ் போட்டு எல்லாம் கொண்டாந்துடலாம்."

அவர்கள் வழக்கம் வேறு. அவர்களுக்குக் கூப்பிட்டால் வருவதுதான் மரியாதை; மறுப்பதுதான் அவமானம். அதைப் பிழை சொல்ல முடியாது. நான் கையிலிருந்த சுண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரின் மனைவி என் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம் அக்கா, நான் சம்பால் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்" என்றார். நானும் சந்தோஷம் என்றேன். வேறு என்ன சொல்வது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடும் கொடியடியில் கணவரைத் தனியாகப் பிடித்தேன். காய்ந்த துணிகளை அவர் கழற்றித் தர நான் மடித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் நடுவில் ஒரு படுக்கை விரிப்புத் தொங்கியது. அவர் முகம் தெரியவில்லை.

"உங்களுக்கு என்னோடை தனியப் போக விருப்பமில்லையோ?"

"நீர் என்ன கதைக்கிறீர்?"

"அப்ப ஏன் உலகத்தையே கூப்பிடுறீங்கள்?"

"ஆக்களைக் கூப்பிடாமல் எப்பிடிப் போறது? என்ன நினைப்பினம்?"

"மலேசியாக்காரரைச் சரி, வாய் தவறிக் கூப்பிட்டனீங்கள். அம்மாவை மூண்டு தரம் கேட்டனீங்களே."

விரிப்புக்கு அந்தப் பக்கம் அவர் கொடியிலிருந்து இன்னொரு கிளிப்பைக் கழற்றினார். அதற்குள் மச்சாளின் சின்ன மகள் ஓடிவந்து, கடலில் சுறா இருக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சுறாவைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளைக்குச் சுறாவைப் பற்றிச் சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. நான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் பயணத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். கேபினை வேண்டாம் என்று சொல்ல அலுவலகத்தில் தொலைபேசியைத் தூக்கி, திரும்ப வைத்தேன். பைத்தியக்கார நம்பிக்கைதான். கடற்கரை நீளமாக இருக்கும், எல்லாரும் ஒரு பக்கம் போனால் நாங்கள் மறுபக்கம் நடக்கலாம், ஒரு அரை மணித்தியாலம் கிடைத்தாலும் போதும் என்று மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கேபின் போய், கதவு போய், கடைசியில் அரை மணித்தியாலத்துக்கு வந்து நின்றேன்.

சனிக்கிழமை வந்தது. நல்ல வெயில். எங்கள் பழைய ஸ்டேஷன் வேகனின் பின்பக்கம் முழுவதும் சட்டியும் பானையும் தலைகணியும் போர்வையுமாகக் கண்ணாடி மறைக்க ஏறிவிட்டது. அதிலும் அடங்காத அரிசிப் பையும் குக்கரும் பின் ஆசனத்தில் ஒரு ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மலேசியாக்காரரின் கார் வந்து நின்றபோது, அதிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் இறங்கினார். மனைவியின் தங்கச்சியாம், ஈப்போவிலிருந்து அந்தக் கிழமைதான் வந்தாராம்.

"தனியா விட்டுட்டு வர முடியல" என்றார் அந்த மனைவி.

யார் விட்டுவிட்டு வரச் சொன்னது. தங்கச்சியும் சில்லி பின்னும் ஏறிய பிறகு பிள்ளைகளை அங்கே ஏற்றினோம், இங்கே ஏற்றினோம், அண்ணையைச் சரித்தோம், மச்சாளை ஒடுக்கினோம். எப்படிக் குலுக்கிப் பார்த்தாலும் ஒருவருக்கு இடம் இல்லை. மாமி முன் ஆசனத்தில் உட்கார்ந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின் ஆசனத்தில் இடியப்பத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நசுங்கிக் கிடந்தேன்.

அப்போது கணவர் சொன்னார்: "பரவாயில்லை. அத்தான் ஓட்டட்டும், அவருக்கும் லைசென்ஸ் கிடைச்சிட்டுதுதானே. நான் நிக்கிறன். நீங்கள் எல்லாரும் சந்தோஷமாப் போட்டு வாங்கோ."

கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். விட்டுக்கொடுக்கிற மனிதனின் முகம் அல்ல அது. பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். அவருக்கு ஆறுதலாக இருந்தது. அவரோடு இருக்க வேண்டும் என்பதற்காக நான் கிளப்பிய பயணத்தில், அவரை விட்டுவிட்டு, அவருடைய வீட்டார் எல்லாரோடும் நான் கடலுக்குப் போகப் போகிறேன். கார்க் கதவைத் திறந்தேன். தட்டுகளை மச்சாளின் மடியில் வைத்தேன். இறங்கினேன்.

"அப்ப நானும் நிக்கிறன்."

"உமக்கென்ன விசரே?" என்றார் மச்சாள். "நீர்தானே கடல் கடல் எண்டு நிண்டனீர். ஏறும்."

"வாரும் பிள்ளை, உம்மடை இடம் இருக்குத்தானே" என்றார் அண்ணை.

மலேசியாக்காரரின் மனைவி தன் காரிலிருந்து தலையை நீட்டினார். "அக்கா, நீங்க இல்லாம எப்படி? வாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

மூன்று தரம் கேட்டாகிவிட்டது. எங்கள் கணக்குப்படி நான் ஏறியாக வேண்டும். ஏறியிருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

"எனக்குக் கடல் தேவையில்லை, மச்சாள்" என்றேன். "இவரோடை தனிய இருக்க வேணுமெண்டுதான் நான் இதெல்லாம் துவங்கினனான்."

தெருவில் நின்று, மாமியாருக்கு முன்னால், முன்பின் தெரியாத ஈப்போப் பெண்ணுக்கு முன்னால், இப்படி ஒரு சொல்லை எங்கள் வீட்டுப் பெண் எவளும் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணை ஸ்டியரிங்கைப் பார்த்தார். மச்சாள் இடியப்பத் தட்டுகளைப் பார்த்தார். சின்னவள் அம்மாவிடம், நான் என்ன சொன்னேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மச்சாள் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். என் காது இரண்டும் சுட்டன. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மாமிதான் பேசினார். என்னிடம் அல்ல, அண்ணையிடம்.

"தம்பி, ஒன்பது ஆகப் போகுது. ராகுகாலத்துக்கு முதல் காரை எடுங்கோ."

கார் அசைந்தபோது மாமி கண்ணாடியைக் கீழே இறக்கினார். முதலில் மகனை ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னிடம், "பிள்ளை, வீட்டிலை சாப்பிட ஒண்டும் இல்லை, எல்லாத்தையும் கட்டிப்போட்டம். தெருமுனை டெய்ரிக் கடையிலை பாண் வாங்கிச் சாப்பிடுங்கோ" என்றார்.

இரண்டு காரும் திருப்பத்தில் மறைந்தன. நாங்கள் உள்ளே வந்தோம்.

அந்த வீட்டை அப்படி நான் கண்டதில்லை. குழாய் சொட்டும் சத்தம் குசினியிலிருந்து வாசல் வரை கேட்டது. கணவர் நடையில் சிதறிக் கிடந்த பிள்ளைகளின் செருப்புகளைச் சோடி சேர்த்து அடுக்கினார். அது முடிந்ததும் ஒரு கதிரையை நேராக்கினார். பிறகு, "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். கேத்தில் இல்லை. தேயிலையும் சீனியும் பால்மாவும் இல்லை. வெறும் மேடைக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நின்றார். இனி அவருக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை.

"இருங்கோ" என்றேன்.

குசினி மேசையில் இருந்தார். நான் எதிரே இருந்தேன். பேச வேண்டியதை எத்தனையோ மாதமாக மனதில் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அம்மாவை மூண்டாம் தரம் ஏன் கேட்டனீங்கள்?"

பின்னால் ஒரு ரயில் போனது. அலுமாரியில் கோப்பைகள் ஆடி நின்றன. அவர் அது முழுவதும் போகும் வரை காத்திருந்தார்.

"உம்மோடை தனிய இருக்கப் பயமா இருந்தது."

"என்ன பயம்?"

"நீர் கேட்பீர் எண்டு."

"என்னத்தைக் கேட்பன்?"

அவர் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நீர் மயக்கத்திலை இருக்கேக்கை நேர்ஸ் வந்து கேட்டவ, பிள்ளையைப் பாக்கப் போறீங்களோ எண்டு. நான் ஓம் எண்டிட்டன். ஒரு துவாயிலை சுத்திக் கொண்டு வந்து தந்தவ." விரிப்பின் ஓரத்தை மடித்தார். "பொம்பிளைப் பிள்ளை. நான் மடியிலை வைச்சிருந்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னனான்" என்றார். "உமக்குச் சொன்னால் தாங்கமாட்டீர், சொல்லாதை எண்டவ. பிறகு சொல்லுவம் எண்டு பாத்தன். நாள் போகப் போக வாய் வரேல்லை. இஞ்சை வைச்சு எப்பிடிச் சொல்லுறது. அங்கை, கடற்கரையிலை, உம்மோடை தனிய எண்டால் சொல்லாமல் இருக்கேலாது எண்டு தெரியும்."

முதலில் வந்தது கோபம்தான். பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் மற்றவர்களுக்கு நோகும் என்று நானும் கேட்கவில்லை. இவர் பார்த்திருக்கிறார். மடியில் வைத்திருந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ராகுகாலமும் சுறாவும் பேசியிருக்கிறார். மேசையைப் புரட்ட வேண்டும் போலிருந்தது. அவரைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், வாயைப் பொத்தாமல், சுவரைப் பற்றி யோசிக்காமல். நானும் அழுதேன். நான் ஆசைப்பட்டது இதைத்தான், ஆனால் அது இப்படி வலிக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

அப்போது நடையில் தொலைபேசி அடித்தது.

எங்களுக்குத் தெரியும் அது யார் என்று. ஆல்பனியைத் தாண்டுவதற்குள் அண்ணை எங்கோ வழியைத் தவறவிட்டிருப்பார். இல்லாவிட்டால் மச்சாளுக்கு உப்பு ஞாபகம் வந்திருக்கும். பழப்பண்ணைகளுக்கு நடுவே ஏதோ ஒரு டெய்ரி வாசலில் எல்லாரும் இறங்கி, பொதுத் தொலைபேசியைச் சுற்றி நிற்பார்கள். யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடுகிற மனிதர் என் கணவர். கதிரையை விட்டுப் பாதி எழும்பிவிட்டார். எழும்பி என்னைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கும், மறுபடி அடிக்கும். அவர் அசையவில்லை.

அது கடைசியாக ஓய்ந்த பிறகு நான் கேட்டேன்.

"தலைமயிர் இருந்ததோ?"

"ஓம்" என்றார். "கொஞ்சம். கறுப்பாய்."